வீட்டில் மான் தோல் பதனிடும் குப்பி: கலவைக்கு நல்ல மதிப்பெண், வழிமுறைத் தாளுக்கு இல்லை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பரில் வரும் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாட்கள் மான் வேட்டைக்கான துப்பாக்கிப் பருவம் நடைபெறும். அந்தப் பருவம் நெருங்கும்போது வேட்டைச் சாமான்கள் விற்கும் கடைகளில் 8 அவுன்ஸ் கொள்ளளவுள்ள சிறிய பிளாஸ்டிக் குப்பிகள் அடுக்கி வைக்கப்படும். வீட்டிலேயே தோல் பதனிடுவதற்கான கலவை அதில் இருக்கிறது. ஒரு குப்பி ஒரு நடுத்தர மானின் தோலுக்குப் போதும் என்றும், ரோமம் உதிராத மிருதுவான தோல் கிடைக்கும் என்றும் லேபிள் உறுதி கூறுகிறது. இதே வகைக் குப்பிகள் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுகின்றன. செய்முறையில் அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை என்பதால் இங்கே நான் எந்த நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை.

உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் உரிமம் பெற்று வேட்டைக்குச் செல்பவர். இறைச்சியை எடுத்துக்கொண்டு தோலைக் குப்பையில் போடும் வழக்கம் அவருக்கு இருந்தது. வாணியம்பாடியில், தோல் ஷாப்புகள் என்று நாங்கள் சொல்லும் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அன்று முதல் அவர் வேட்டையாடும் வெண்வால் மானின் தோல்கள் என் வீட்டுக் கார் கொட்டகைக்கு வருகின்றன. இந்த மதிப்புரை அந்த அனுபவத்திலிருந்து எழுதப்படுகிறது.

இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லியாக வேண்டும். அங்கே 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானையோ கடமானையோ வேட்டையாடுவது குற்றம். உரிய சான்றிதழ் இல்லாமல் அதன் தோலை வைத்திருப்பதும் குற்றம். வெண்வால் மான் எண்ணிக்கையில் பெருகியிருக்கும், வேட்டைக்கு உரிமம் வழங்கும் மாநிலம் ஒன்றில் செய்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே முறை ஆட்டுத் தோலுக்கும் வளர்ப்பு முயலின் தோலுக்கும் பொருந்தும் என்பதால், ஊரில் ஆர்வமுள்ளவர்கள் அவற்றில் செய்து பார்க்கலாம்.

இனி பொருளுக்கு வருகிறேன். குப்பியில் இருக்கும் கலவை அதன் வேலையைச் செவ்வனே செய்கிறது. குறை முழுவதும் அதனோடு வரும் ஒற்றைத் தாளில்தான் இருக்கிறது. பதனிடுதலின் மொத்த உழைப்பில் கலவையைப் பூசும் வேலை மிகச் சிறிய பகுதி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றையும் பின்னால் செய்ய வேண்டியவற்றையும் அந்தத் தாள் சில வரிகளில் கடந்துவிடுகிறது. அதை மட்டும் நம்பித் தொடங்குபவர், ஒரு நல்ல தோலை வீணாக்கிவிட்டுக் கலவையின் மீது பழி போடுவார். இணையக் கடைகளில் இவ்வகைக் குப்பிகளுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களின் குறிப்புகளைப் படித்துப் பார்த்தால், பெரும்பாலானோர் சொல்லும் குறைகள் இரண்டுதான்: ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, தோல் அட்டைபோல் விறைத்தது. முதல் குறை, குப்பியைத் திறப்பதற்கு முன்பே நிகழ்ந்துவிட்ட கேடு. இரண்டாவது பூசிய பிறகு கைவேலை போதாததால் நேர்வது.

ரோமம் உதிர்வதற்குக் காரணம் பாக்டீரியா. மானை உரித்த கணத்திலிருந்து தோலின் சூடும் ஈரமும் அதற்கு உணவு படைத்துக்கொண்டிருக்கின்றன. ரோமக் கால்களைப் பிடித்திருக்கும் மேல்படலம் முதலில் அழுகும். வயிற்றுப் பகுதியிலும் காதைச் சுற்றியும் அது முதலில் தெரியும். விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் ரோமம் வேரோடு கையில் வந்துவிடும். அந்த நிலைக்குப் போன தோலை எந்தக் கலவையும் மீட்காது. செப்டம்பர் நடுவில் தொடங்கும் வில் வேட்டைப் பருவத்தில் வெயில் இன்னும் இருப்பதால் இந்த ஆபத்து அதிகம். நவம்பர் குளிரில் கிடைக்கும் தோல் பெரும்பாலும் நல்ல நிலையில் வருகிறது, ரோமமும் அடர்ந்த சாம்பல் நிறக் குளிர்கால ரோமமாக இருக்கிறது. ஆகவே உரித்த அன்றே சதைத் துணுக்குகளையும் கொழுப்பையும் வழித்தெடுத்து, தோலின் எடைக்கு ஏறக்குறைய இணையான எடையில் உப்பை எடுத்து, ஓரங்கள், கழுத்து மடிப்பு, கால் பகுதி எதுவும் விடாமல் அழுத்தித் தேய்க்க வேண்டும். அயோடின் கலக்காத, நடுத்தரமாகப் பொடித்த உப்பே ஏற்றது. சாலைப் பனி கரைக்க விற்கும் கட்டி உப்பு தோலின் எல்லாப் பகுதியிலும் படியாது, அதில் கலந்திருக்கும் அழுக்கும் நல்லதல்ல. மறுநாள் நீர் கக்கி நனைந்திருக்கும் உப்பை உதறிவிட்டுப் புதிய உப்பைப் போட வேண்டும். உடனே நேரம் இல்லாதவர்கள் உப்பே போடாமல், சதைப்பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்துச் சுருட்டிப் பையில் கட்டி உறைவிப்பானில் வைத்துவிடலாம். உப்புப் போட்ட தோல் சரியாக உறையாது. இவ்வளவு செய்திகளுக்கு அந்தத் தாள் ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு வரி.

உரிக்கும்போது கத்தி பட்ட கீறல்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஈரத் தோலில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல், பின்னால் தோலை இழுத்து மிருதுவாக்கும்போது விரல் நுழையும் ஓட்டையாகத் திறந்துகொள்ளும். இறைச்சிக்காக மட்டும் உரிப்பவர் வேகமாகக் கத்தியை ஓட்டுவார்; தோல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், முதல் வெட்டுகளுக்குப் பிறகு கத்தியை வைத்துவிட்டு முஷ்டியால் அழுத்தியும் இழுத்துமே உரித்துத் தருவார். மான் தோல் அப்படி உரிந்து வரக்கூடியதே.

அடுத்தது அமில ஊறல், அதாவது உப்பும் அமிலமும் கலந்த நீரில் தோலை ஊறவைப்பது. இதைத் தாளில் ‘விரும்பினால் செய்யலாம்’ என்று போட்டிருக்கிறார்கள். என் பார்வையில் இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை இந்தச் சொற்றொடர்தான். முதல் தோலில் வாணியம்பாடியில் கேட்டு வளர்ந்த பாடத்தின்படி ஊறல் போட்டேன். பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே ஒரு சிறு துண்டை ஊறல் போடாமல் பூசிப் பார்த்தேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கையில் எடுத்தவுடனே தெரிந்தது. ஊறல் போட்ட தோல் முழுத் தடிமனுக்கும் சீரான வெள்ளையாக மாறியிருந்தது. ஊறல் போடாத துண்டைப் பிளேடால் வெட்டி ஓரத்தைப் பார்த்தால், இரு பக்கமும் வெண்மை, நடுவில் கண்ணாடித்தன்மை கொண்ட பழுப்புக் கோடு ஒன்று ஓடியது. அந்தக் கோடு பதனிடப்படாத பச்சைத் தோல். அது உள்ளே இருக்கும்வரை தோல் காய்ந்ததும் விறைக்கும். ஈரம் பட்டால் அழுகும்.

அமில ஊறலின் பயன் எளிதில் விளங்கக்கூடியது. தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். இழைகளுக்கு இடையில் நிரம்பியிருக்கும் பசைபோன்ற பிற புரதங்களை உப்பும் அமிலமும் கலந்த நீர் தளர்த்தி வெளியேற்றுகிறது. இழைகளைச் சற்றே விலக்கி, பதனிடும் பொருள் நடுவரை போய்ச்சேர வழி திறந்துவிடுகிறது. நான் செய்யும் அளவு இது: 4 லிட்டர் நீருக்கு அரைக் கிலோ உப்பு, 85 கிராம் சிட்ரிக் அமிலம். ஊறுகாயும் ஜாமும் போடுபவர்களுக்காக மளிகைக் கடைகளிலேயே சிட்ரிக் அமிலம் கிடைக்கிறது. அமிலத்தன்மையின் அளவான பிஹெச், அதைக் காட்டும் தாளில் 2.5க்குக் கீழே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியே ஏற்றது, உலோகப் பாத்திரம் கூடாது. உப்பை ஒருபோதும் குறைக்கக் கூடாது. உப்பில்லாத அமில நீரில் தோல் உப்பி, இழைகள் சிதைந்து, மீட்க முடியாதபடி கெட்டுப்போகும். மூன்று நாட்கள் ஊறிய பிறகு எடுத்து, பருத்துப் பூரித்திருக்கும் கழுத்துப் பகுதியைக் கத்தியால் செதுக்கி மெலிதாக்கிவிட்டு, மறுபடியும் ஒரு நாள் ஊறவிடுவது நல்லது. வெண்வால் மானின் கழுத்துத் தோல், அதிலும் ஆண் மானின் கழுத்துத் தோல், வயிற்றுத் தோலைவிடப் பல மடங்கு தடிமனானது. இதைச் செதுக்காமல் விட்டால் தோல் முழுவதும் மிருதுவாகி, கழுத்து மட்டும் பலகையாக நிற்கும்.

ஊறல் முடிந்ததும் அமிலத்தை முறிக்க வேண்டும். 4 லிட்டர் நீருக்கு 30 கிராம் சமையல் சோடா போட்டு, இருபது நிமிடம் புரட்டிப் புரட்டி அலசி, நல்ல நீரில் கழுவிப் பிழியாமல் தொங்கவிட்டால் போதும். அமிலம் தங்கிவிட்ட தோல் சில ஆண்டுகளில் தானாகவே நொறுங்கத் தொடங்கும். இதையும் தாள் சொல்லவில்லை. குப்பியோடு ஒரு பொட்டலம் சிட்ரிக் அமிலமும் நான்கைந்து பிஹெச் தாள்களும் வைத்துத் தந்தால் விலை ஓரிரு டாலர்தான் கூடும். வாங்குபவருக்கோ பெரும் இழப்பு தவிர்க்கப்படும்.

இப்போது குப்பியைப் பற்றி மனமாரப் பாராட்டக்கூடிய பகுதிக்கு வருகிறேன். வெதுவெதுப்பான நீரில் குப்பியைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் கலவை இளகி, சீராக ஊற்றக் கிடைக்கிறது. நீர் வடிந்து ஈரப்பதம் மட்டும் உள்ள தோலைச் சதைப்பக்கம் மேலே இருக்குமாறு விரித்து, கையுறை அணிந்த உள்ளங்கையால் தேய்த்தால், முதலில் வழுக்கிக்கொண்டு மேலே நிற்கும் கலவை, தேய்க்கத் தேய்க்கக் கண்ணெதிரே உள்ளே இறங்குகிறது. செயற்கைப் பதனிடு பொருளையும் எண்ணெயையும் ஒன்றாகக் குழைத்திருப்பதால் தனியாக எண்ணெய் ஏற்றும் வேலை பாதி குறைகிறது. துர்நாற்றம் இல்லை. ஊறல் தொட்டியைத் தவிர, தொட்டி தொட்டியாகக் கரைசல் தேவையில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கூடச் செய்யலாம். கழுத்துக்கும் பிட்டத்துக்கும் தாராளமாகவும், வயிற்றுக்கும் அக்குளுக்கும் சிக்கனமாகவும் பகிர்ந்து பூசி, சதைப்பக்கத்தோடு சதைப்பக்கம் சேர மடித்து ஓர் இரவு வைத்தால் கலவையின் வேலை முடிந்துவிடும். லேபிள் சொல்வதுபோல் பெண் மானின் தோலுக்கும் இளம் ஆண் மானின் தோலுக்கும் ஒரு குப்பி போதுகிறது. முதிர்ந்த ஆண் மானின் தோலுக்குப் போதவில்லை. ஓரங்கள் வறண்டு நிற்கின்றன. அதற்கு இரண்டு குப்பிகளாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

தோலை மிருதுவாக்குவது கலவையன்று, கைதான். லேபிளில் உள்ள ‘மிருதுவான தோல்’ என்ற சொற்களை நம்பி, பூசிய தோலை அப்படியே காயவிட்டால் மறுநாள் மடங்காத பலகை கிடைக்கும். காய்கிறபோது கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அவை ஒட்டும் நேரத்தில் நாம் அசைத்துக்கொண்டே இருந்தால்தான் எண்ணெய் இடையில் புகுந்து அவற்றைத் தனித்தனியாக நிறுத்தும். ஆகவே நேரம் பார்த்துத் தொடங்க வேண்டும். கொடியில் காய்ந்த துணி இஸ்திரி போடுவதற்கு ஏற்ற பதத்தில் இருக்குமே, அந்த அளவு ஈரம் தோலில் எஞ்சியிருக்கும்போது கையில் எடுக்க வேண்டும். ஓரத்தை மடித்து அழுத்தினால், ஈரமாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும் சதைப்பக்கத்தில் மடித்த இடத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு தோன்றும். அந்தக் கோடு தோன்றினால் தொடங்கலாம் என்று பொருள். மழுங்கிய விளிம்புள்ள பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, தோலை அதன்மேல் முன்னும் பின்னும் இழுக்க, வெள்ளைக் கோடு விரிந்து திட்டாகி, திட்டுகள் இணைந்து, சிறிது சிறிதாகத் தோல் முழுவதும் வெண்மையாகித் துணியாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். தோள் வலிக்கும் உழைப்பு இது. இடையில் நிறுத்திவிட்டால் நிறுத்திய இடம் விறைக்கும். அவ்வாறு விறைத்த பகுதியை ஈரத்துணியால் ஒற்றி, மூடிவைத்து, மறுபடி இழுக்கலாம். விரைவில் காய வேண்டும் என்று வெப்பமூட்டியின் பக்கத்தில் வைக்கக் கூடாது. பச்சைத் தோலின் கொலாஜன் சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சுருங்கிச் சிதையத் தொடங்கும். இவ்வகைக் கலவைகள் அந்த வரம்பை ஓரளவுக்கே உயர்த்துகின்றன. பொதுவாகக் கொதிநீரைத் தாங்குவது, குரோமியம் உப்பைக் கொண்டு குரோம் முறையில் பதனிட்ட தோல்தான்.

குரோம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. பாலாற்றங்கரையில் பிறந்த எவரும் வீட்டுக் கொல்லையில் குரோம் உப்பைக் கையாள மனம் ஒப்பமாட்டார். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தின் பகுதி என்று உறுதியாக்கப்பட்டது. எங்கள் பகுதியின் கிணறுகள் அந்தக் கழிவுக்குக் கொடுத்த விலை பெரிது. இந்தக் குப்பியில் குரோம் இல்லை என்பதே நான் இதை விரும்புவதற்கு முதற்காரணம். ஆனாலும் உப்பு நீர் எஞ்சுகிறது. அதை மரத்தடியிலோ தோட்டத்திலோ ஊற்றினால் அங்கே புல்லும் முளைக்காது. சோடா போட்டு அமிலத்தை முறித்து, நகராட்சிச் சாக்கடை இணைப்பில் நிறைய நீரோடு சேர்த்து விடுவதே நான் பின்பற்றும் வழி.

மாற்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படிகாரமும் உப்பும் கலந்த தூள் இதைவிட மலிவு. தோலும் நல்ல வெண்மையாக வரும். ஆனால் படிகாரம் இழைகளோடு நிலையாகப் பிணைவதில்லை. நனைந்தால் கரைந்து வெளியேறிவிடும். தங்கிவிட்ட உப்பு கோடையில் காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தோலை எப்போதும் சில்லென்று வைத்திருக்கும். சுவரில் மாட்டுவதற்குப் பரவாயில்லை. உடுத்தவோ பை தைக்கவோ ஆகாது. ஊரில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டது போல இங்கே ஓக் மரப்பட்டையில் பதனிடுபவர்கள் உண்டு. உறுதியான தோல் கிடைக்கும் என்றாலும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், நிறமும் பழுப்பாகும். மெல்லிய மான் தோலுக்கு அது பொருத்தமாக எனக்குப் படவில்லை.

இந்த மண்ணின் சொந்த முறை வேறு. ஓஜிப்வே, ஹோ-சங்க் முதலிய பழங்குடி மக்கள் ரோமத்தை நீக்கி, விலங்கின் மூளையைக் குழைத்துத் தேய்த்து, இழுத்து மிருதுவாக்கி, இறுதியில் மக்கிய மரத்தின் புகையில் பிடித்து எடுக்கும் தோல், நான் தொட்ட தோல்கள் அனைத்திலும் சிறந்தது. மூளையில் உள்ள லெசித்தின் என்னும் பொருள், கொழுப்பை நீரோடு குழைத்து இழைகளுக்குள் கொண்டுபோகிறது. புகையில் உள்ள ஆல்டிஹைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் இழைகளைப் பிணைக்கின்றன. அதனால் நனைந்து காய்ந்தாலும் மிருதுத்தன்மை முற்றிலும் போகாது. அந்தக் கைத்திறனை எந்தக் குப்பியும் எட்டாது. ஆனால் இன்று விஸ்கான்சினில் மானின் மூளையைக் கையாள்வதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மான்களை மெல்ல மெல்ல உருக்குலைத்துக் கொல்லும் தீராத நோய் ஒன்று 2002ஆம் ஆண்டில் இங்கே கண்டறியப்பட்டது. பிரையான் என்னும் உருமாறிய புரதத்தால் வரும் இந்நோய் மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதிசெய்யப்படவில்லை. எனினும் அந்தப் புரதம் மூளையிலும் தண்டுவடத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் மிகுதியாகச் சேர்வதால், அவற்றைத் தொட வேண்டாம் என்றும் கையுறை அணிய வேண்டும் என்றும் மாநில இயற்கை வளத்துறை அறிவுறுத்துகிறது. மானின் தலைப்பகுதி மாதிரியைத் துறையிடம் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. நண்பர் தலையை நீக்கிய தோலை மட்டுமே எனக்குத் தருகிறார். புகைமுறையை விரும்புபவர்கள் மூளைக்குப் பதிலாக முட்டையின் மஞ்சள் கருவைப் பயன்படுத்தலாம். அதிலும் லெசித்தின் நிறைந்திருக்கிறது.

பதனிட்ட தோல் நாள்பட எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். சரியாகச் செய்த தோலில் ரோமம் வேரோடு வருவதில்லை. ஆனால் மானின் குளிர்கால ரோமம் ஒவ்வொன்றும் உள்ளே காற்றறைகள் கொண்டது. குளிரைத் தடுக்க அந்த அமைப்பு உதவுகிறது. அதனாலேயே எளிதில் முறியவும் செய்கிறது. தரையில் விரித்து நடந்தால் முறிந்த ரோமம் வீடெங்கும் பறக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் பெரிய தொல்லை. லேபிளில் தரைவிரிப்பாகப் படம் போட்டிருப்பது வாங்குபவரைத் தவறான வழியில் கொண்டுபோகும் செயல் என்றே நினைக்கிறேன். சுவரில் மாட்டலாம், நாற்காலியின் முதுகில் போடலாம். ஈரம் பட்டால் விறைக்கும் என்பதால் துவைக்கக் கூடாது. தோலையும் ரோமத்தையும் தின்னும் சிறு வண்டுகளும் அந்துப்பூச்சியும் வரும் என்பதால் அவ்வப்போது எடுத்து உதறி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

குப்பி 20 டாலரை ஒட்டிய விலைக்குக் கிடைக்கிறது; உப்பு, சிட்ரிக் அமிலம், சோடா, கையுறை எல்லாம் சேர்த்தாலும் பெரிய தொகையாகாது. தொழில்முறைப் பதனிடும் நிலையத்தில் கொடுத்தால் நூறு டாலருக்கு மேல் ஆகும், பல மாதங்கள் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் அங்கே கழுத்தை இயந்திரத்தில் சீராகச் செதுக்கி, பெரிய உருளையில் மரத்தூளோடு சுழற்றித் தரும் மிருதுவை வீட்டில் எட்டுவது கடினம். வாழ்நாளில் ஒரே ஒரு தோல், அதுவும் பெரிய ஆண் மானின் தோல், கெட்டுப்போனால் மனம் தாங்காது என்பவர் அங்கேயே கொடுத்துவிடலாம். வேலையைக் கற்றுக்கொள்ள விரும்புபவர், அதற்கு ஒரு வார இறுதியும் அதற்கு முன்னால் ஒரு வாரப் பொறுமையும் ஒதுக்க முடிந்தவர், இந்தக் குப்பியைத் தயங்காமல் வாங்கலாம். முதல் தோலாகப் பெண் மானின் தோலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கழுத்து மெலிது, ஒரு குப்பியே போதும், இழுக்கும் வேலையும் ஒரே நாளில் முடிந்துவிடும்.